வலிக்கிற காலோடு மகிழ்ச்சி மறையுண்மைகள்

தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம் என்று ஊர்கள் வரிசையாக வரும். நாளுக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்தால் நான்கு நாள் நடை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர்பவனி, 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. அந்த நாட்களில் காவி உடுத்தி, சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு, "மரியே வாழ்க" என்று போகும் கூட்டத்தில் கிடைத்ததற்கு நன்றி சொல்லப் போகிறவர்கள் உண்டு. எதுவும் கிடைக்காமலே, கடனையோ வியாதியையோ ஒரு சாவையோ மனதில் சுமந்து நடப்பவர்களும் உண்டு. இது அந்த இரண்டாமவர்களுக்கு.

வெள்ளிக்கிழமை கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். செபமாலையில் எந்த மறையுண்மைகளை, அதாவது இயேசு, மரியாள் வாழ்வின் ஐந்தைந்தான நிகழ்ச்சிகளில் எவற்றைத் தியானிப்பது என்பதை நம் மனநிலை தீர்மானிப்பதில்லை, கிழமைதான் தீர்மானிக்கிறது. செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் ஒளி, இது 2002-இல் சேர்ந்தது. திங்கள், சனி மகிழ்ச்சி. முதல் நாள் துயர மறையுண்மைகள் சுலபமாக வந்துவிடும். கால் புதிது, துக்கம் பழகினது. பிரச்சினை சனிக்கிழமைதான். நடையில் இரண்டாம் நாள்தான் கால் மிக மோசமாக இருக்கும். முதல் நாள் சிவந்த இடமெல்லாம் கொப்புளமாகி, தொடை இறுகி, படுத்து எழுந்தால் முதல் நூறு அடி நொண்டத்தான் வேண்டும். அன்றைக்குப் பார்த்து வாயில் மகிழ்ச்சி.

பலர் அந்த இடத்தில் ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஐந்தையும் ஒருமுறை நின்று பார்த்தால் அப்படிப் போக மனம் வராது. வானதூதர் சொன்ன செய்தியைக் கேட்டு மரியாள் கலங்கினாள். உறவினளான எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்கு விரைந்தாள். நாசரேத்திலிருந்து அந்த ஊர் நம் தஞ்சை வழியைவிடக் குறையாத தூரம், அவளோ அப்போதுதான் கருவுற்றவள். பிள்ளை பிறக்க விடுதியில் இடமில்லை. கோவிலில் காணிக்கையாக்கப் போனால் உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்கிறார் அங்கிருந்த சிமியோன் என்பவர். பன்னிரண்டு வயது மகன் மூன்று நாள் காணாமல் போகிறான். திருச்சபை மகிழ்ச்சி என்று பெயர் வைத்திருப்பது இவற்றுக்குத்தான். கஷ்டம் தீர்ந்த பிறகு வருவதல்ல அந்த மகிழ்ச்சி; விடுதியில் இடமில்லாத அதே இரவில் வந்தது.

செபமாலையை நடையோடு சேர்ப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 53 மணி முடிய 20 முதல் 25 நிமிடம். கூட்ட நடையில் ஒன்றரைக் கிலோமீட்டர். ஒருவர் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்க, மற்றவர்களிடமிருந்து "புனித மரியே, இறைவனின் தாயே" என்று பதில் வர வேண்டும். வேகமாக நடப்பவர்களை முன்னால் விட்டால் கூட்டம் 200 மீட்டருக்கு நீண்டு, கேள்வியும் பதிலும் மோதி, கடைசியில் நான்கு பேர் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் நிறுத்துங்கள், சொல்பவர் நடுவில் வரட்டும். ஸ்பீக்கரில் ஒலிநாடாவை ஓடவிடுவது எளிதுதான்; ஆனால் வாய் திறக்காதவர் தன் கவலையோடு தனியாகவே நடந்து முடிப்பார். நாளுக்கு நான்கு செபமாலை போதும். அதற்கு மேல் போனால் தொண்டை கட்டும், மூச்சு வாங்கும்.

வெயில் இன்னொரு பாடு. விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் நிழலில் ஒதுங்கி, மறுபடி மாலை 4 மணிக்கு மேல் நடப்பதே முறை. வெறுங்கால் நேர்ச்சைக்காரர்கள் சாலையோர வெள்ளைக் கோட்டில் நடந்தால் தாரின் சூடு அவ்வளவாக ஏறாது. சர்க்கரை நோயாளிகளுக்கு வெறுங்கால் கூடவே கூடாது: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டதும் தெரியாது, கண்ணாடி குத்தினதும் தெரியாது. அந்த நேர்ச்சையைப் பங்குத்தந்தையிடம் சொல்லி வேறாக மாற்றிக்கொள்ளலாம். கொப்புளம் உராய்வாலும் ஈரத்தாலும் வருவது. கிளம்பும்முன் குதிகாலிலும் விரலிடுக்கிலும் வாசலின் தடவி, நனைந்த காலுறையை உடனே மாற்ற வேண்டும். கொப்புளத்தின் தோலைப் பிய்த்தால் புண்ணாகிவிடும். அப்படியே விட்டு மேலே துணி சுற்றினால் மறுநாளும் நடக்கலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து பாட்டிலில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இருட்டில் வாகனம் எதிரே வருவது தெரியும்படி சாலையின் வலப்பக்கம் நடப்பது நல்லது. கடைசி ஆளிடம் சிவப்பு விளக்கு இருக்கட்டும்.

ஞாயிறு மகிமை. கால் கொஞ்சம் பழகியிருக்கும். திங்கள் மறுபடி மகிழ்ச்சி, அன்றுதான் ஊர் சேர்வது. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி சுமார் 12 கிலோமீட்டர். கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு செபமாலையைத் தொடங்கினால் ஐந்தாவது பத்து மணிகளுக்கு வரும்போது பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பத்துக்குரிய மறையுண்மை, காணாமற்போன இயேசுவை ஆலயத்தில் கண்டது. முடிவில் பெரியவர்கள் பழைய "கிருபை தயாபத்து" மந்திரத்தைச் சொல்வார்கள். அதில் வரும் "கண்ணீர்க் கணவாய்" (துன்பம் நிறைந்த இவ்வுலகம்) என்ற சொல் கோபுரத்தடியிலும் மாறாது.

உள்ளே போனதும் வரிசை நீளம், நெரிசல், மெழுகுவர்த்தியின் சூடு. பணமும் கைபேசியும் ஒருவரிடமே இருக்க வேண்டாம். கடலில் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்காதீர்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. ஆழிப்பேரலை இந்தக் கரையில் ஏராளமான திருப்பயணிகளைக் கொண்டுபோனது. அவர்களுக்கான நினைவிடம் இங்கே இருக்கிறது. அங்கே சற்று நின்றுவிட்டுப் போங்கள்.

பேராலயத்திலிருந்து மணலில் முழங்காலாலேயே மாதா குளம் வரை போகும் நேர்ச்சை உள்ளவர்கள் அதைத் திங்களன்றே செய்ய வேண்டாம். நான்கு நாள் நடந்த மூட்டு தாங்காது. ஒரு இரவு படுத்து, மறுநாள் விடியுமுன் மணல் குளிர்ந்திருக்கையில் தொடங்குங்கள். சேலை கட்டியவர்கள் முந்தானையையும் கொசுவத்தையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முழங்காலுக்கடியில் மாட்டிக் குப்புறத் தள்ளும். ஜரிகையும் கல்லும் வைத்த துணி தோலைக் கிழிக்கும். கைதாங்க ஒருவர் பக்கத்தில் நடந்து வரட்டும், அவரே செபமாலையையும் சொல்லட்டும். அன்றைக்குச் செவ்வாய், துயர மறையுண்மைகள்.