மலையில் இருந்து போன் கால் எடுப்பவர்களுக்கு லைன் கணக்குப் போட்ட அனுபவம்

கோவையில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு வாய்ஸ் நெட்வொர்க் பார்க்கிறேன். 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்திய பிறகு, நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கத்துப் பிள்ளைகள் 16 பேர் வீட்டிலிருந்தே கால் எடுக்கிறார்கள். படித்து முடித்ததும் திருப்பூருக்கோ கோவைக்கோ இறங்கிப் போயிருக்க வேண்டியவர்கள். அவர்கள் சொந்த ஊரிலேயே இருந்து சம்பாதிப்பது எனக்குப் பெரிய விஷயம்.

எத்தனை லைன் வேண்டும் என்ற கணக்கின் முதல் பாதி சுலபம். பீக் ஹவரில் 300 கால்கள். வரிசையில் காத்திருப்பதும் பேசுவதும் சேர்த்து சராசரி 4 நிமிடம். பேசி முடித்து ஏஜென்ட் குறிப்பு எழுதும் நேரம் சேனலை (ஒரு நேரத்தில் ஒரு கால் போகும் பாதை) பிடிக்காது, அதைச் சேர்க்க வேண்டாம். 1200 நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 20 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் 20 கால். நூற்றுக்கு ஒரு கால் மட்டும் பிஸி டோன் கேட்கலாம் என்று வைத்தால், லைன் கணக்குக்கான எர்லாங் பி அட்டவணைப்படி 30 சேனல் வேண்டும். ஒரு பிஆர்ஐ (டிஜிட்டல் போன்) லைனில் இருப்பதும் அதே 30.

சரி, வீடுகளுக்கு வருவோம். குரலை டேட்டாவாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் ஒரு காலுக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ் போதும், விபிஎன் (பாதுகாப்பான இணைப்பு) போட்டால் இன்னும் கொஞ்சம். ஆகவே வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. கோத்தகிரியில் ஒரு தங்கை, "ஸ்பீடு நல்லாத்தான் இருக்குண்ணா, நான் பேசுறதுதான் அவங்களுக்கு விட்டு விட்டுக் கேக்குதாம்" என்றார். அவர் லேப்டாப்பில் பிங் ஓடவிட்டேன், ஒரு சின்னத் தகவல் துண்டு (பாக்கெட்) போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை அது. மில்லிசெகண்டில் 38, 41, 40, திடீரென்று 260, மறுபடி 39, அடுத்தது வரவேயில்லை. ரவுட்டர் முன்னறையில் இருந்தது, அவர் உட்கார்வது பின்கட்டில், நடுவில் பழைய கல் சுவர். வைஃபையை விட்டு லான் கேபிள் இழுத்ததும் 40 பக்கத்திலேயே நின்றுவிட்டது. அப்புறம் எல்லா வீட்டிலும் சாயங்காலத்தில், மற்றவர்கள் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அளந்தோம். ஜிட்டர் (பாக்கெட் வரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிசெகண்டுக்குள், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள் இருந்தால்தான் சம்மதம்.

உண்மையான தலைவலி மழைதான். அங்கே ஃபைபர் பல இடங்களில் கரண்ட் கம்பத்திலேயே தொங்குகிறது. ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும், ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வைத்திருந்தாலும் பயனில்லை. அப்போது வரும் போன் காலை ஏஜென்டின் மொபைலுக்குத் திருப்புவோம். வாடிக்கையாளர் உள்ளே வர ஒரு சேனல், மொபைலுக்கு வெளியே போக இன்னொரு சேனல். மேலிடத்தில் பத்து சதவீதம் கூடுதலாக வைத்தால் போதும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கால்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக வரும் என்பதுதான் எர்லாங் சூத்திரத்தின் அடிப்படை. மரம் விழுந்தாலோ அந்தச் சரிவில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் மொபைலுக்கு மாறுவார்கள்.

கூடலூரை அடிப்பது தென்மேற்குப் பருவமழை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழைதான் கனமானது. 16 பேரும் ஒரே பக்கம் இருந்தால் 16 சேனல் கூடுதலாக வேண்டும். பக்கத்துக்கு எட்டுப் பேராக எடுத்ததால் 8 போதும் என்று வாதாடி, 38 சேனலுக்கு எஸ்ஐபி ட்ரங்க் (டேட்டா இணைப்பில் வரும் போன் லைன்) வாங்கினோம். அடுத்து சேர்ப்பவர்களையும் பாதிப் பாதியாகவே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். குன்னூரில் இருந்து யாராவது வந்தால் கோத்தகிரிக் கணக்கில்தான் சேர்ப்பேன்.