கேழ்வரகுக் கஞ்சிக்குப் பின் 236

சென்ற ஆண்டு ஆடி மாதம் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தபோது, வெறும் வயிற்றில் 164, சாப்பிட்ட பின் 271, மூன்று மாத நிலவரத்தைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4 என்று அறிக்கையில் இருந்தது. மாத்திரை எழுதித் தந்த மருத்துவர், சாப்பிடும் முன் 80 முதல் 130 வரையிலும், சாப்பிடத் தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் 180க்குக் கீழும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார். எதைச் சாப்பிடலாம் என்று கேட்டதற்கு, குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து எழுதி வாருங்கள் என்றார்.

நான் அதை உடனே செய்யவில்லை. அரிசி ஆகாது, கேழ்வரகு நல்லது என்று வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் எல்லோரும் சொன்னதை நம்பி, மூன்று வாரம் தினமும் காலையில் இரண்டு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி குடித்தேன். பிறகு ஒரு நாள் சோதித்தேன்: குடிக்கும் முன் 118, இரண்டு மணி நேரம் கழித்து 236. கருவியில்தான் கோளாறு என்று எண்ணி மறுநாளும் பார்த்தேன், 229. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் பின்னர் புரிந்தது. கேழ்வரகில் கால்சியமும் நார்ச்சத்தும் நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் மாவுச்சத்து அதிலும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 70 கிராம் இருக்கிறது. அதை நைசாக அரைத்து, குழைய வேகவைத்து, மெல்லாமலே குடித்தால், அது விரைவாகச் செரித்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு இரண்டு அடை தட்டி, நிலக்கடலைச் சட்னியோடு சாப்பிட்ட நாளில் 167தான். தானியத்தின் பெயரைவிட, அதை என்ன பக்குவத்தில், எவ்வளவு, எதனோடு சாப்பிடுகிறோம் என்பதே கணக்கு என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

சோற்றை நான் விடவில்லை. ஒரு கிண்ணம் என்று அளந்து வைத்துக்கொண்டு, முதலில் பொரியலையும் சுண்டலையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தேன். அதே அளவு சோற்றை வழக்கம்போல் முதலிலேயே சாப்பிட்டபோது 198 காட்டிய கருவி, வரிசையை மாற்றியபோது 161 காட்டியது. சாப்பாட்டுக்குப் பின் தெருவில் கால் மணி நேரம் நடந்த நாட்களில் இன்னும் சற்றுக் குறைந்தது. வெண்பொங்கல் மட்டும் என்னை ஏமாற்றியது: இரண்டு மணி நேரத்தில் 154 என்று கண்டு மகிழ்ந்தேன், நான்காம் மணி நேரத்தில் தற்செயலாகப் பார்த்தால் 203. நெய், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் ஏற்றமும் தாமதமாக வருகிறது.

சோதிப்பவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே விரலைக் குத்த வேண்டும். பேத்திக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்த கையோடு நான் பார்த்தபோது 287 காட்டியது. கழுவிவிட்டு வேறு விரலில் பார்த்தால் 149. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறுதான் காரணம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண் குறைகிறதே என்ற ஆசையில் ஒரு மதியம் சோற்றை அடியோடு தவிர்த்தேன். நான் எடுத்துக்கொண்டிருந்த கிளிமிபிரைடு மாத்திரை, உணவு இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும். நான்கு மணிக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது, 58. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 91 ஆகியிருந்தது. மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் உணவைப் பெரிதாகக் குறைக்காதீர்கள்.

தை மாதம் எடுத்த ஹெச்பிஏ1சி 7.1. மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார். இந்த வாரம் குறிப்பேட்டில் சோதிக்க எழுதி வைத்திருப்பது பழைய சோறு.