இன்னும் முந்நூறு வெள்ளி

மார்ச் 3, 2025
கணவரை இங்கே சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 6,000 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, குறையக் கூடாது. என்னுடையது 5,700.

மார்ச் 5
மனிதவள அமைச்சின் விதியை மறுபடியும் படித்தேன். அடிப்படைச் சம்பளமும் மாதந்தோறும் மாறாமல் வரும் படிகளும் மட்டுமே கணக்கில் சேரும். மிகைநேர ஊதியமும் போனஸும் சேரா. சென்ற மாதம் இரவுப் பணிக்கான படியோடு 6,140 வெள்ளி கைக்கு வந்தும், அது மாதத்துக்கு மாதம் மாறும் படி என்பதால் வராததற்குச் சமமாகிவிட்டது.

மார்ச் 9
ஈசூன் வட்டாரத்தில் ஒரு மூவறை வீவக வீட்டை, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டை, பார்த்தேன். வாடகை 2,800 வெள்ளி. ஒரு மாத முன்பணம், முதல் மாத வாடகை, ஓராண்டு ஒப்பந்தத்துக்கான முத்திரைத் தீர்வை 134 வெள்ளி 40 காசு எல்லாம் சேர்ந்து, குடிபுகும் முன்பே 5,734 வெள்ளி 40 காசு வேண்டும். 6,000 கிடைத்தாலும் வாடகை போக 3,200; அதில் ஊருக்கு 800 அனுப்பி, இங்கே சம்பளத்தில் வரியைப் பிடிக்காததால் அதற்கும் மாதம் இருநூற்றுச் சொச்சம் எடுத்துவைத்தால், எஞ்சும் இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சத்தில் இருவரும் உண்டு, பேருந்து ஏறி, மின்கட்டணம் கட்டி, நோய் வந்தால் மருத்துவரையும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் நான் முதலில் கேட்டது, தாளிக்கலாமா என்பதுதான். தாராளமாகத் தாளிக்கலாம் என்றார்.

மார்ச் 10
இந்த அறையில் லேசான சமையலுக்கு மட்டுமே அனுமதி. இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் வாங்கிய கடுகுப் பொட்டலம் பதினொரு மாதங்களாகப் பிரிக்கப்படாமல் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.

மார்ச் 14
"நான் அங்கே வந்து என்னம்மா செய்வேன்?" என்று கணவர் கேட்டார். 2021 மே மாதத்திலிருந்து, துணையாக வருபவர் தனியாக வேலை அனுமதி பெறாமல் இங்கே வேலை பார்க்க முடியாது. ஒன்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவரைப் பகல் முழுவதும் நான்கு சுவர்களுக்குள் உட்காரவைக்கப் போகிறேனா? உறக்கம் வரவில்லை.

மார்ச் 21
இரவுப் பணிப் படியில் 300 வெள்ளியை நிரந்தரமாக்கலாம் என்று மேலாளர் சொன்னார். கணக்குப் பிரிவு ஒப்ப வேண்டும். அதன் பிறகு கணவரின் அனுமதிக்கு நிறுவனம்தான் எனக்காக விண்ணப்பிக்க வேண்டும். மதியம் முழுவதும் கை நடுங்கியது.

மார்ச் 27
பதில் இல்லை.

ஏப்ரல் 1
ஈசூன் வீட்டுக்காரர் நாளை மாலைக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். முன்பணம் வங்கியில் தயாராக இருக்கிறது. கணக்குப் பிரிவிலிருந்து இன்றும் கடிதம் வரவில்லை. கணவர் பள்ளி முடிந்து அழைப்பதற்குள் ஒருமுறை...