டிவிடி டிரைவில் இருந்து ஒரு வால்வு

லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவனுக்கு ஒரு விசர் இருக்கும். எனக்குக் குட்டி எஞ்சின். ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். பரந்தனில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலுக்குள் இப்போது அதற்கு வால்வு கடைகிறேன்: மெல்லிய தண்டும் அகன்ற தலையுமாக, வாயு வழியைத் திறந்து மூடுகிற மூடி.

ஒரே கம்பியில் முழு வால்வையும் கடையலாம். ஆனால் 12 மி.மீ. தடிப்பை 3 மி.மீ. ஆக்கும்போது தண்டு கத்தியை விட்டு விலகி வளையும். அதனால் இரண்டு துண்டு. தண்டுக்குப் பழுதான டிவிடி டிரைவ். அதில் லேசர் வழுக்கி ஓடுகிற கம்பி 3 மி.மீ., வடிவாகக் கிரைண்ட் பண்ணியது. அதை மினுக்க எனக்கு வேலையே இல்லை. தலைக்கு, ஏ2 என்று முத்திரை குத்திய ஸ்டெயின்லெஸ் போல்ட்.

தண்டு புகுகிற தலையின் ஓட்டையில் 0.05 மி.மீ. அளவு இடம் விடவேண்டும். இறுக்கி அடித்தால், இரண்டையும் ஒட்டுகிற வெள்ளிப் பற்று (உருக்கி விடுகிற வெள்ளிக் கலவை) உள்ளே இறங்காது. தட்டாரின் வெங்காரம் பித்தளைக்குச் சரி. ஸ்டெயின்லெஸ்ஸின் குரோமியப் படலத்துக்குப் அதைக் கரைக்கிற, புளோரைட் கலந்த பிளக்ஸ்தான் வேண்டும்.

எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கில்தான் எல்லாம் இருக்கிறது. தலையின் ஓரத்து 45 பாகைச் சாய்வை, தண்டோடு ஒட்டிய பிறகே வெட்டவேண்டும். முதலே வெட்டி ஒட்டினால் தலை எப்படியும் ஒரு பக்கம் சரியும். லேத்தின் சக்கில் (வேலைத் துண்டைக் கவ்வுகிற பிடி) பித்தளைப் புஷ்ஷைக் கவ்வி, அங்கேயே துளைத்து, எந்தத் தாடைக்கு நேரே இருந்தது என்று குறித்துவிட்டுக் கழற்றிப் பிளந்து, அதே இடத்தில் திரும்பப் போட்டுத் தண்டைப் பிடிக்கிறேன். அப்போது வெட்டுகிற சாய்வு தண்டின் மையத்தோடேயே சுற்றும். பிறகு கிரைண்டிங் பேஸ்ட் பூசிச் சீற்றில் (வால்வு அமர்கிற இடம்) தேய்த்து, போர்ட்டுக்குள் (வாயு வழி) மண்ணெண்ணெய் விட்டுப் பார்ப்பது. கசியாவிட்டால் சரி.

பக்கத்து வளவு ஐயா பார்த்துவிட்டு, "தம்பி, எங்கட வாட்டர் பம்புக்கும் ஒண்டு கடைஞ்சு தாவன்" என்றார். போரின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மனுசன். அவரைப் பொறுத்தவரை எதையும் செய்யலாம்.

"ஏலாது ஐயா" என்றேன். வயலுக்கு மணிக்கணக்கில் இறைக்கிற எஞ்சினின் எக்ஸோஸ்ட் (புகை வெளியேறுகிற) வால்வுத் தலை 700 பாகை செல்சியஸைத் தொடும். என் வெள்ளிப் பற்று 650க்குள் உருகிவிடும். தலை கழன்று சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் போய்விடும். கொம்பனிக்காரரும் இரண்டு உலோகத்தில் வால்வு செய்கிறார்கள்தான், ஆனால் ஒன்றைச் சுழற்றி மற்றதோடு அழுத்தி, அந்த உராய்வுச் சூட்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். அதற்கு என் லேத் காணாது.

ஐயாவுக்கு முழுத் திருப்தியில்லை. நான் இப்போது வால்வு ஸ்பிரிங் தேடுகிறேன். பேனா ஸ்பிரிங் வலுக் காணவில்லை.