சுவர் நேராக இருக்கிறதா? சில கட்டுமானச் சொற்களும் அவற்றின் சோதனைகளும்

புதிதாக வீட்டு வேலையில் இறங்குவோர் பெரும்பாலும் தடுமாறுவது, அருகருகே நிற்கும் சொற்களை ஒரே பொருளில் எடுத்துக்கொள்வதால்தான். ‘சுவர் நேராக இருக்கிறதா?’ என்ற எளிய கேள்விக்குள்ளேயே மூன்று தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன.

செங்கல் வரிசை கிடையாக ஓடுகிறதா என்று பார்ப்பது மட்டம். அதற்கு ரசமட்டம், அதாவது குமிழி மிதக்கும் குழாய் பதித்த கட்டை, போதும். தொலைவிலுள்ள இரண்டு புள்ளிகளை ஒப்பிட, நீர் நிரப்பிய தெளிவான குழாய் வேண்டும், அதற்குள் காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் அளவு பொய்த்துவிடும். ரசமட்டத்தையும் கண்மூடி நம்பக் கூடாது. அதே இடத்தில் முனை மாற்றி வைத்தாலும் குமிழி அதே பக்கத்தில் அதே அளவு ஒதுங்கி நின்றால்தான் கருவி பழுதற்றது.

சுவர் செங்குத்தாக எழுகிறதா என்பதைச் சொல்வது தூக்கு. தூக்குக்குண்டின் நூல் ஒரு சிறு கட்டையின் வழியே செல்லும். கட்டையின் அகலத்தில் பாதியும் குண்டின் விட்டத்தில் பாதியும் சமமாக இருக்கும். கட்டையைச் சுவரின் மேற்பகுதியில் ஒட்டிப் பிடித்தால், கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இடைவெளி விழுந்தால் சுவர் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. குண்டு சுவரில் படிந்துவிட்டால் அப்பால் சாய்ந்திருக்கிறது.

மட்டமும் தூக்கும் பிசகாமல் இருந்தும் அறை கோணலாக அமையக்கூடும், ஏனெனில் இரு சுவர்கள் சந்திக்கும் கோணத்தை அவை சோதிப்பதில்லை. அதற்குத்தான் மூலைமட்டம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் அடுத்ததில் 4 அடியும் குறித்து, அக்குறிகளுக்கு இடைப்பட்ட தூரம் 5 அடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய அறைக்கு 6, 8, 10 என்று கூட்டிக்கொள்வது நல்லது. மூன்றில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுவே என்பது என் எண்ணம். தரை ஓடு பதிக்கும்போது கடைசி வரிசையை ஆப்பு வடிவில் வெட்ட நேரும்வரை எவரும் அதை நினைப்பதில்லை.

சிமெண்ட், கலவை, கான்கிரீட் ஆகியவையும் இப்படித்தான். சிமெண்டோடு மணலும் நீரும் சேர்ந்தால் கலவை, ஜல்லியும் சேர்ந்தால் கான்கிரீட். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. ஆகவே குறைந்தது 7 நாட்களாவது ஈரம் காக்க வேண்டும். அதன் வலிமையை வழக்கமாக 28ஆம் நாளில் அளக்கிறார்கள்.

மரவேலையில் முதலில் பழக வேண்டியது நாரின் ஓட்டம். நார் சாய்ந்து எழும் திசையிலேயே இழைப்புளியைத் தள்ளினால் சுருள் சுருளாக வரும்; எதிர்த்திசையில் தள்ளினால் நார் பெயர்ந்து மேற்பரப்பு சொரசொரப்பாகும். நாரின் நீளவாக்கில் மரம் ஏறக்குறைய மாறுவதேயில்லை, அகலவாக்கில் மட்டும் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்குகிறது. கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசையிடாமல் செருகி, சிறிது இடம் விடுவது அதனால்தான். அந்த இடத்தைப் பிசகென்று எண்ணிப் பசையால் அடைத்துவிட்டால், பலகை சுருங்கும் பருவத்தில் நடுவே பிளக்கும். (அறுப்பதிலும் இதே கணக்குண்டு: நாரோடு அறுக்கும் வாளின் பற்கள் உளிபோலவும், குறுக்கே அறுப்பதன் பற்கள் கத்திமுனைபோலவும் தீட்டப்பட்டிருக்கும்.)

தோட்டத்தில் பதியமும் ஒட்டும் அடிக்கடி குழம்புகின்றன. பதியத்தில் தாய்ச்செடியின் கிளையே, அதனோடு இணைந்திருக்கும்போதே வேர்விட்டுப் பின் தனிச்செடியாகிறது. ஒட்டில் ஒரு செடியின் வேர்ப்பகுதியோடு மற்றொன்றின் குச்சி, பட்டைக்கு அடியிலுள்ள பசுமையான படலங்கள் பொருந்தும்படி கட்டப்படுகிறது. ஒட்டிய இடத்துக்குக் கீழே துளிர்ப்பவை வேர்ச்செடியின் தளிர்கள். அவற்றைக் கிள்ளாமல் விட்டால் நாம் விரும்பி ஒட்டிய வகையை அவை மிஞ்சி வளர்ந்துவிடும்.