அப்பாவோட மூக்குக்கண்ணாடிக்கு ஏத்த போட்டோகிராஃபர்

அப்பாவுக்கு போன தை மாசம் அறுபது முடிஞ்சுது, திருக்கடையூர்ல சஷ்டியப்தபூர்த்தி. ஃபங்ஷன் எடுக்க ஆள் ஈசியா கெடைச்சுட்டாங்க, அது விஷயமே இல்ல. நான் தேடினது வேற. மாலை, ஹோமப் புகை, கூட்டம் எதுவும் இல்லாம அம்மா அப்பா ரெண்டு பேர் மட்டும், ஹால்ல மாட்டற மாதிரி ஒரு நல்ல போர்ட்ரெய்ட். அவங்க சேர்ந்து உக்காந்து எடுத்துக்கிட்டதுன்னா 1989ல கல்யாணம் முடிஞ்ச கையோட ஸ்டுடியோல எடுத்த ஒண்ணுதான், பின்னாடி மலையும் ஏரியும் வரைஞ்ச திரை, முட்டி மேல கைய வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வெறப்பா உக்காந்திருப்பாங்க. இப்ப புதுசா ஒண்ணு எடுக்கலாம்னு நான் சொன்னதுக்கு "சரி எடு, பின்னாடி யூஸ் ஆகும்"னு அப்பா சொல்லி, அம்மா "மொதல்ல வாய கழுவுங்க"ன்னு கத்தினது தனிக்கதை.

நாலு நாள் ராத்திரி இன்ஸ்டாவுல உக்காந்து திருச்சி பக்கம் இருக்கற ஒரு முப்பது பேர சேவ் பண்ணி வச்சேன். எல்லாமே அழகா இருந்துச்சு, எத எடுக்கறதுன்னே தெரியல, அப்புறம்தான் உறைச்சுது, நான் பாத்ததெல்லாம் இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுங்க, மேக்கப் போட்டு முக்கொம்புல சாயங்கால வெயில்ல முடி பறக்க நிக்கறாங்க. அவங்கள நான் என் மொபைல்ல எடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். எங்கப்பா மாதிரி கருப்பா, முன்மண்டை வழுக்கையா, தடியா ஒரு கண்ணாடி போட்டு வெள்ளை வேட்டி சட்டைல இருக்கற ஒரு மனுசன இவங்க யாராவது எடுத்திருக்காங்களான்னு திரும்பப் பாத்தா முப்பது பேர் ஆறு பேர் ஆயிட்டாங்க.

ஆறு பேருக்கும் ஒரே மெசேஜ்: வயசானவங்கள எடுத்த ஒரு ஷூட்டோட ஃபுல் செட் காட்ட முடியுமா, செலக்ட் பண்ணினது இல்ல, அவங்க கைல குடுத்த மொத்தமும். ரெண்டு பேர் பதிலே இல்ல. ஒருத்தர் பேக்கேஜ் ரேட் மட்டும் அனுப்பினார். மூணு பேர் அந்தக் குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டு காட்டினாங்க, அங்கதான் உண்மை தெரியும், இன்ஸ்டால போடறது எம்பதுல ஒண்ணுதானே.

மொத ஆள் வீட்டுக்குப் பக்கம்தான், 500 ரூபா வாங்கிட்டு ஸ்டுடியோலயே டெஸ்ட் ஷாட் எடுத்துத் தந்தார். அப்பா கன்னத்துல இருந்த அம்மைத் தழும்ப காணோம், கழுத்து ஒரு கலர் மூஞ்சி ஒரு கலர், அம்மா பாத்துட்டு "யாருடா இது, உங்க சித்தப்பாவா"ன்னாங்க. அவர திட்டி என்ன பண்ண, "எல்லாரும் இதத்தான் சார் கேக்கறாங்க"ன்னார், நெசம்தான். இன்னொண்ணு, கிளேர் அடிக்குதுன்னு அப்பாவோட கண்ணாடிய கழட்டச் சொல்லிட்டார். 32 வருசமா போட்ட கண்ணாடி, கழட்டினா மூக்குல ரெண்டு பக்கமும் குழி, கண்ண வேற இடுக்கிக்கிட்டு ஏதோ திருடன தேடற மாதிரி இருக்கார்.

ரெண்டாவது ஆள்தான் எனக்குப் பிடிச்சவர். இருட்டா, சினிமா ஸ்டில் மாதிரி, பச்சையெல்லாம் நீலமா மாறி ஒரு மாதிரி சூப்பரா இருக்கும். அம்மா பத்து செகண்ட் பாத்தாங்க, "அந்தம்மா கட்டியிருக்கறது மாம்பழக் கலரா அரக்கா, ஒண்ணும் புரியலயே, பட்டு எடுத்து என்ன பிரயோஜனம்". எல்லா படத்துக்கும் ஒரே ப்ரீசெட் (முன்னாடியே ரெடி பண்ணி வச்ச கலர் செட்டிங்) போட்டா அப்படித்தான். அதுபோக அவர் செட்டுல வேட்டி சட்டைல இருந்த பெரியவங்க எல்லார் மூஞ்சியும் சாம்பல் பூசின மாதிரி இருந்துச்சு. ஃப்ரேம்ல வெள்ளை நெறைய இருந்தா ஆட்டோல விட்ட கேமரா வெளிச்சத்த கொறைச்சுடும், மூஞ்சி இன்னும் கருத்துடும், அப்புறம் எடிட்டிங்ல அத மட்டும் ஏத்தினா இந்தச் சாம்பல்தான் வரும்.

மூணாவது ஒரு பொண்ணு. அவங்க செட்ட நான் சுமாரா இருக்குன்னு தள்ளி வச்சிருந்தேன். அம்மாதான் கண்டுபிடிச்சாங்க, "இதுல தாத்தா பாட்டி எல்லாரும் கண்ணாடியோடவே இருக்காங்க பாரு". ஆமா. ஒருத்தருக்குக்கூட கண்ணாடில பளபளப்பு இல்ல. ஃபோன் போட்டு எப்படின்னு கேட்டேன், லைட்ட நல்லா மேல ஏத்திட்டு, கண்ணாடிக் காம்ப காதுமேல ஒரு துளி தூக்கி வச்சா லென்ஸ் கீழ சாஞ்சுடும், வெளிச்சம் கேமரா பக்கம் திரும்பாதுன்னு சொன்னாங்க. அவ்ளோதான், முடிவு பண்ணியாச்சு. வீட்டுக்கே வந்து ரெண்டு மணி நேரம், 20 படம், 9,000 ரூபா, 3,000 அட்வான்ஸ். ஸ்கின் கலர தொடக்கூடாது, ஷேவிங் வெட்டு மாதிரி இருந்தா மட்டும் எடுக்கலாம்னு வாட்ஸப்ல எழுதியே வாங்கிக்கிட்டேன். (அம்மா எனக்குத் தெரியாம தனியா ஃபோன் பண்ணி "கண்ணுக்குக் கீழ மட்டும் கொஞ்சம் பாத்துக்கம்மா"ன்னு சொல்லியிருக்காங்க, பின்னாடிதான் தெரிஞ்சுது.)

ஸ்ரீரங்கத்துல எங்க பழைய வீட்டுத் திண்ணைலதான் எடுத்தோம், காலைல எட்டு மணி. வந்து காபி குடிச்சுட்டு கேமராவ வெளிலயே எடுக்கல, கால் மணி நேரம் அப்பாகிட்ட ரயில்வே வேலைய பத்தி கேட்டுட்டு இருந்தாங்க. அப்புறம் 85 எம்எம் லென்ஸ மாட்டிக்கிட்டு தெருவுக்கே போய் நின்னுட்டாங்க. கிட்ட வந்து எடுத்தா மூக்கு பெருசா தெரியும், அதான் செல்ஃபில நம்ம மூஞ்சி நமக்கே பிடிக்கறதில்ல. தள்ளி நின்னதுல அப்பாவுக்கும் கூச்சம் போயிடுச்சு. "அப்பா, தாடைய மட்டும் லேசா எறக்குங்க", அவ்ளோதான் மொத்த டைரக்‌ஷனும்.

மூணு வாரத்துல படம் வந்துச்சு. குக்கர் மூணாவது விசில் அடிச்சதும் அம்மா பதறித் திரும்ப அப்பா சிரிக்கற மாதிரி ஒண்ணு, அதத்தான் பிரிண்ட் போடணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். ரெண்டு பேரும் அத வேணாம்னுட்டு வேற ஒண்ண எடுத்தாங்க, முட்டி மேல கைய வச்சு, வெறப்பா, அப்படியே 1989. கண்ணாடி மட்டும்தான் புதுசு.

12க்கு 18 சைஸ், கண்ணாடி போட்ட ஃப்ரேம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவத்துல மாட்டினோம், அப்பா மூஞ்சில நேரா ஜன்னல் கம்பி அடிக்குது. இப்ப அத காலண்டர் இருந்த எடத்துக்கு மாத்தியாச்சு, காலண்டர் எங்கன்னு தெரியல, தெனமும் ராகு காலம் பாக்க முடியலன்னு அம்மா என்னைத் திட்டிட்டு இருக்காங்க.