லாக்ஸ்டன் வரைபடம்: பென்சில் முடிந்தது, வண்ணம் பாக்கி

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே இருக்கும் சின்ன பாரிஷ், லாக்ஸ்டன். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, தெருவோரம் பண்ணை வீடுகள், சுற்றிலும் வயல். அந்த ஊரின் நிலத்தைத்தான் கொஞ்ச காலமாகச் சார்ட் தாளில் வரைந்துகொண்டிருக்கிறேன். வேலியில்லாத பெரிய வயல்களை நீள நீளப் பட்டைகளாகப் பிரித்து ஊர் விவசாயிகள் உழும் பொது வயல் முறை ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் போட்டு வயல்களைப் பிரித்து வேலி கட்டிவிட்டார்கள். லாக்ஸ்டனில் மட்டும் அந்த முறை ஊர் மன்றத்தோடு சேர்ந்து இன்றும் நடக்கிறது.

என் ஆதாரம் 1635ஆம் ஆண்டு வரைபடம். லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டன் இந்த நிலத்துக்கு உரிமையாளராக இருந்தபோது, மார்க் பியர்ஸ் என்பவர் அளந்து வரைந்தது. மூலப்பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. எந்தப் பட்டை யாருடையது என்று அதோடு சேர்ந்த பதிவேடு சொல்லிவிடும். வரைபடத்தில் ஏர் ஓட்டுகிறவர்கள், கதிர் அறுக்கிறவர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லாம் வயலுக்கு நடுவே குட்டி குட்டியாக நிற்கிறார்கள். அவர்களை நான் வரையப் போவதில்லை. அந்தக் கை எனக்கு இல்லை.

முதலில் அளவு. 1:5000 என்று வைத்துக்கொண்டேன். ஒரு ஃபர்லாங் 220 கஜம், அதாவது சுமார் 201 மீட்டர். தாளில் 4 செ.மீ. அந்த நீளத்துக்கு 22 கஜ அகலம் சேர்ந்தால் ஒரு ஏக்கர், அந்த அகலம் தாளில் 4 மி.மீ. அரை ஏக்கர் பட்டை என்றால் 2 மி.மீ.தான். 0.3 மி.மீ. பென்சில் இல்லாமல் இது நடக்காது. பட்டைகளை நேர்கோடாகப் போடவும் முடியாது. காளைகளை ஜோடி ஜோடியாகப் பூட்டிய நீண்ட ஏர் முனையில் திரும்ப இடம் வேண்டும் என்பதால், பல நூற்றாண்டு உழவில் பழைய பட்டைகள் தலைகீழ் எஸ் போல மெல்ல வளைந்துவிட்டன. ஸ்கேலை ஓரமாக வைத்துவிட்டு வளைகோட்டு அச்சில் போட்ட பிறகுதான் வயல் வயல் மாதிரித் தெரிந்தது. பட்டைகளுக்கு நடுவே வரப்பு கிடையாது. உழவுச் சால்தான் எல்லை.

வண்ணம் தொடங்குமுன் சோதனைக்காக ஒரே ஒரு விவசாயியின் பட்டைகளுக்கு மட்டும் நீலம் தீட்டிப் பார்த்தேன். மேற்கு வயலில் கொஞ்சம், மில் வயலில் கொஞ்சம், தெற்கு வயலில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தது. நல்ல மண்ணும் ஈர மண்ணும் எல்லோருக்கும் பங்காக வரும் என்பது இதன் நியாயம். ஆனால் இப்படிச் சிதறிய நிலத்தில் தனியாக எதுவும் செய்ய முடியாது. ஒரு வயலில் குளிர்கால கோதுமை, இன்னொன்றில் வசந்த கால விதைப்பு, மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு எல்லாம் ஒரு இடம் நகரும். பக்கத்துப் பட்டைக்காரர் தரிசு விட்டு ஆடு மேய்க்கும்போது நீங்கள் மட்டும் கோதுமை போட்டால் ஆடு சும்மா இருக்குமா? அதனால் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தே ஆக வேண்டும். ஆங்கிலக் கிராம வரலாறு என்றாலே பிரபுக்களின் வம்சத்தை அடுக்குவார்கள். லாக்ஸ்டனின் குணம் இந்தக் கட்டாயத்திலிருந்து வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தக் கட்டாயத்தின் உருவம்தான் கோர்ட் லீட் என்ற ஊர் மன்றம். ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில் ஜூரிகள் (மன்றம் நியமிக்கும் ஊர்க்காரர்கள்) கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவார்கள். பாதையையோ பொதுப் புல்வெளியையோ யாராவது உழுது கரைத்திருந்தால், எல்லைக்கு முளை அடித்துக் குறித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து மன்றம் கூடி அபராதம் போடும். கூடுமிடம் டவ்கோட் இன், அதாவது அந்த மதுக்கடையேதான்! சரியான இடம்.

பிரபுக்கள் பக்கம் சுருக்கமாக: 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசர் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டில் ஊர்ப் பெயர் இருக்கிறது. நார்மன் காலக் கோட்டை மேடு வடக்கே நிற்கிறது. ஷெர்வுட் காட்டுக்குக் காவல் உரிமை பெற்ற எவரிங்ஹாம் குடும்பத்தின் கல்லறைச் சிலைகள் புனித மைக்கேல் தேவாலயத்தில் உள்ளன; அவற்றில் ஒரு பெண்ணின் சிலை ஓக் மரத்தில் செதுக்கியது. நிலம் 1952இல் மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து விவசாய அமைச்சகத்துக்கும், 1981இல் மன்னர் பெயரிலான நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்கும், 2020இல் திரும்பவும் அந்தப் பிரபுக் குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கும் கைமாறியது. உரிமையாளர் மாறினாலும் மன்றம் நிற்கவில்லை.

இப்போது பிரச்சினை வண்ணத்தில். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு நிறம் என்றால் பென்சில் பெட்டி போதவில்லை. பட்டையும் மெல்லியது, பக்கத்து நிறம் கலந்துவிடுகிறது. எனவே முழுப் படத்தில் வயலுக்கு ஒரு நிறம் மட்டும். விவசாயிகளின் நிறங்களைத் தெற்கு வயலின் ஒரு மூலையைப் பெரிதாக்கிய தனித்தாளில் காட்டப் போகிறேன். பயிர் சுழற்சிக்கு ஒரு வழி கிடைத்தது: மூன்று டிரேசிங் தாள்கள், ஆண்டுக்கு ஒன்று. படத்தின் மேல் மாற்றி மாற்றி வைத்தால் தரிசு எப்படி நகர்கிறது என்று தெரியும். முதல் தாள் தயார், நன்றாகவே வந்திருக்கிறது.

அடுத்தது சைக்குகள். உழ முடியாத ஈரத் தாழ்வுகளில் விட்டுவைத்த புல் பட்டைகள் இவை. அந்தப் புல்லை ஊருக்குள்ளேயே ஏலம் விடும் வழக்கம் உண்டு. இவற்றுக்கு வண்ணப் பென்சில் ஒத்துவரவில்லை, நீர்வண்ணம் முயலப் போகிறேன். சார்ட் தாள் சுருங்காமல் நீர்வண்ணம் பூச வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.